வெம்பக்கோட்டை வகுப்பறையாகட்டும்

சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டை வட்டாரம் செய்தித்தாள்களில் பெரும்பாலும் பட்டாசு ஆலை விபத்துகளுக்காகவே பேசப்பட்டு வந்தது. 2022 மார்ச்சில் வைப்பாற்றின் கரையிலுள்ள விஜயகரிசல்குளம் மேட்டில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியபின் அந்தப் பெயருக்கு வேறொரு பொருளும் சேர்ந்தது. அங்கு கிடைத்த சுடுமண் உருவங்களும் கண்ணாடி மணிகளும் ஆட்டக்காய்களும் சங்கு வளையல்களும் கண்ணாடிப் பேழைக்குள் காட்சிப்பொருளாக நின்றுவிடக் கூடாது. விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் மாணவர்கள் பண்டைய வரலாற்றை அந்த மேட்டிலிருந்தே தொடங்கிப் படிக்க வேண்டும்.

அரச மரபுகளையும் போர்களையும் மனப்பாடம் செய்வதே பண்டைய வரலாறு என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. வெம்பக்கோட்டைச் சங்கு வளையல் வேறு பாடம் சொல்கிறது. கடற்சங்கின் நடுத்தண்டை நீக்கி, வட்டம் வட்டமாக அறுத்து, உட்புறம் தேய்த்து, மெருகேற்றினால்தான் வளையல். முடிந்த வளையல்களோடு முடியாதவையும் சேர்ந்து கிடைப்பதால், அவை அங்கேயே செய்யப்பட்டன என்று சொல்ல முடிகிறது. சங்கு கடலில் விளைவது. வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலப்பது. ஆகவே கடற்கரையோடு இவ்வூருக்கு இருந்த தொடர்பும் தெரிகிறது. மன்னர் பெயர் ஒன்றுகூட இல்லாமல், கைத்தொழிலாளர் வரலாறு இப்படி எழுந்து நிற்கிறது. பட்டாசுக்கு மருந்து செலுத்தியும் திரி சுற்றியும் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் ஏது?

வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். கூலியை நம்பியிருக்கும் வீட்டில் மூன்றாண்டுப் படிப்பு பெரிய முதலீடு. ஆனால் எல்லோரும் வரலாறு படிக்க வேண்டும் என்பதல்ல இங்கே கோரிக்கை. அதைத் தேர்ந்தெடுத்து வந்தவர்களுக்குப் பாடக்குறிப்பை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள் என்பதே. மண்ணடுக்கைப் பதிவு செய்யவும், பானை ஓடுகளை வகைப்படுத்தவும், அறிக்கை எழுதவும் தெரிந்தவருக்கு அகழாய்விலும் அருங்காட்சியகத்திலும் பணிசெய்யும் தகுதி வரும். போட்டித் தேர்வுகளின் வரலாற்றுப் பகுதியும் அவருக்கு எளிதாகும்.

உள்ளூர்த் தொன்மையைக் கற்பித்தால் வீண் பெருமைதான் வளரும் என்பாரும் உண்டு. முறையான படிப்புதான் அந்த நோய்க்கு மருந்து. கீழடி அகழாய்வுத் தளத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றது கரிமப் பகுப்பாய்வு; ஆசையோ ஆரவாரமோ அல்ல. எந்த அடுக்கில் கிடைத்தது, எந்த மாதிரி சோதிக்கப்பட்டது என்று கேட்கப் பழகிய மாணவர், சமூக ஊடகத்தில் உலவும் பொய்ப் பெருமைகளை அப்படியே நம்பமாட்டார்.

எனவே, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இப்பகுதியின் தன்னாட்சிக் கல்லூரிகளும் தொல்லியல் துறையுடன் இணைந்து, வெம்பக்கோட்டைக் களப்பயிற்சியை மதிப்பெண்ணுள்ள கட்டாயப் பாடமாக்க வேண்டும். பெண்களும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் விடுபடாதபடி பயணச் செலவையும் உணவையும் அரசே ஏற்க வேண்டும். இந்த மண்ணின் வரலாற்றை ஆராயும் முதல் உரிமை இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு உண்டு. அதற்கான பயிற்சியைத் தருவது அரசின் கடமை.