எந்த சுபாஷ்? எந்த ஸ்டேஷன்?

கொல்கத்தா மெட்ரோவின் வடக்கு - தெற்குப் பாதையில் பயணம் செய்யும் வெளியூர்க்காரருக்கு ஒரு சோதனை காத்திருக்கிறது. வழியில் நேதாஜி பவன் என்று ஒரு ஸ்டேஷன். நேதாஜி என்று இன்னொன்று. கவி சுபாஷ் என்று மூன்றாவது. முதல் இரண்டும் சுபாஷ் சந்திர போஸைக் குறிப்பவை. மூன்றாவது, 1991ல் ஞானபீட விருது பெற்ற கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயின் பெயர். மாற்றி இறங்கிவிட்டால் பல கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும்.

1984 அக்டோபர் 24ல் நாட்டின் முதல் மெட்ரோ இங்கே ஓடியபோது இந்தக் குழப்பம் இல்லை. எஸ்பிளனேடு, பார்க் ஸ்ட்ரீட், மைதான், ரவீந்திர சதன், பவானிபூர் என்று ஐந்தே ஸ்டேஷன்கள். எல்லாமே தரைக்கு மேலே இருப்பதைச் சொல்லும் பெயர்கள். பவானிபூர் பிறகு நேதாஜி பவன் ஆனதையும் குறை சொல்ல முடியாது. 1941ல் ஆங்கிலேயர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு நேதாஜி வெளியேறிய வீடு அருகில்தான் இருக்கிறது.

நிலைமை மாறியது 2009ல். மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது பாதை தெற்கே நீண்டது. குட்காட் 'நேதாஜி' ஆனது. பான்ஸ்த்ரோணி 'மாஸ்டர்தா சூர்யா சென்' ஆனது. நாக்தலா 'கீதாஞ்சலி' ஆனது. அடுத்த ஆண்டு வந்த கடைசி ஸ்டேஷன் 'கவி சுபாஷ்'. அதை ஒட்டியே சியால்தா புறநகர் ரயில்கள் நிற்கும் ஸ்டேஷன் இருக்கிறது. அதன் பெயர் நியூ கரியா. ரயில் மாற வேண்டிய ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்கள்! புறநகர் ரயிலில் வந்து இறங்கும் புதியவர், மெட்ரோ எங்கே என்று யாரையாவது விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புரட்சிக்காரர்களையும் கவிஞர்களையும் நினைவுகூர்வதில் தவறில்லை. வங்காளத்துக்கு அது இயல்பும்கூட. ஆனால் ஸ்டேஷன் பெயர் நினைவுச் சின்னம் மட்டுமல்ல, வழிகாட்டிப் பலகையும்கூட. இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்யும் பெயர்கள் அதே நகரத்தில் இருக்கின்றன. வங்க சினிமா ஸ்டூடியோக்களின் பேட்டையான டாலிகஞ்சுக்கு நடிகர் உத்தம் குமாரின் பெயரை வைத்தார்கள். இடமும் ஆளும் பொருந்துகின்றன. கிழக்கு - மேற்குப் பாதையில் 'பெங்கால் கெமிக்கல்' என்று ஒரு ஸ்டேஷன். விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் உருவாக்கிய கம்பெனியின் பெயர் அது. அவர் பெயரைச் சொல்லாமலே அவரை நினைவூட்டுகிறது. எங்கே இறங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

சென்னை வேறு வழியைப் பிடித்தது. 2020ல் மூன்று மெட்ரோ ஸ்டேஷன்களுக்குத் தலைவர்களின் பெயர் சூட்டியபோது ஆலந்தூர், சி.எம்.பி.டி., சென்ட்ரல் என்ற சொற்களை எடுத்துவிடவில்லை. பின்னால் ஒட்டி வைத்தார்கள். பெயர் ரயில் பெட்டி அளவுக்கு நீண்டது என்று கேலி செய்யலாம். ஆனால் பயணி தொலைந்து போவதில்லை.

பெயர் விஷயத்தில் தெரியும் அதே மனோபாவம் சேவையைத் திட்டமிடுவதிலும் தெரிகிறது. இரண்டுமே திறப்பு விழாவை மனதில் வைத்து முடிவாகின்றன. மறுநாள் காலை வரும் பயணியை வைத்து அல்ல. 1984 நவம்பரில் டம்டம் - பெல்காச்சியா என்று ஒரு துண்டுப் பாதையைத் திறந்தார்கள். மற்ற பாதையுடன் தொடர்பில்லாத அந்தத் துண்டில் ஏற ஆளில்லை. 1992ல் மூடிவிட்டு, 1994ல் ஷியாம்பஜார் வரை நீட்டித்துத்தான் மறுபடி திறந்தார்கள். பாடம் நினைவில் நிற்கவில்லை. 2022 இறுதியில் ஜோகா - தாராதலா பாதை திறக்கப்பட்டது. ஒரே ஒரு ரயில் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடியது. தவறவிட்டால் அது போய்த் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

முழுதாக இணைந்த பாதையின் கதையே வேறு. 2019ல் பௌபஜாரில் சுரங்கம் தோண்டும்போது வீடுகள் இடிந்ததால் கிழக்கு - மேற்குப் பாதை இரண்டு துண்டாகக் கிடந்தது. 2025 ஆகஸ்ட் 22ல் எஸ்பிளனேடும் சியால்தாவும் இணைந்தன. ஹௌராவிலிருந்து ஆற்றுக்கு அடியில் புகுந்து சால்ட் லேக் வரை ஒரே ரயிலில் போக முடிந்ததும் கூட்டம் அலைமோதியது. இத்தனை நாள் குறைந்தது பயணிகள் அல்ல, இணைப்புதான் என்பது அப்போது புரிந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் எதிர்த் திசையில் ஒரு அடி விழுந்திருந்தது. ஜூலை 28ல் கவி சுபாஷ் ஸ்டேஷனின் தூண்களில் விரிசல் கண்டு அதை மூடினார்கள். திறந்து 15 ஆண்டுகூட நிறையவில்லை. ரயில்கள் அதற்கு முந்தைய ஷஹீத் குதிராமோடு நின்றன. அங்கே ரயிலைத் திருப்ப வசதியில்லை. பயணிகளை இறக்கிவிட்டு, மூடிக் கிடந்த கவி சுபாஷ் வரை காலியாகப் போய்த்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு ரயிலுக்கும் சில நிமிடங்கள் வீணாயின. அந்தத் தாமதம் வடகோடி வரை எதிரொலித்தது. கடைசி ஸ்டேஷனுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்த காலத்தில், அது இல்லாமல் போனால் ரயில் எங்கே திரும்பும் என்றும் யாராவது யோசித்திருக்கலாம்.

கொல்கத்தாவில் இன்னும் பல மெட்ரோ ஸ்டேஷன்கள் வரவிருக்கின்றன. பலகையில் முதலில் ஊர்ப் பெயர், பிறகு தலைவர் பெயர் என்று எழுதுவதில் செலவு ஏதுமில்லை. புறநகர் ரயிலும் மெட்ரோவும் சேருமிடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதிலும் இல்லை. ஜோகாவில் காத்திருப்பவருக்குக் கூடுதல் ரயில் விடுவதில் மட்டும் செலவு உண்டு. அதனால்தானோ என்னவோ, பெயர் சூட்டுவது மட்டும் எப்போதும் குறித்த நேரத்தில் நடந்துவிடுகிறது.