ஏரி வீட்டில் ஆறு நாள்



பள்ளி திறந்த முதல் நாள் என் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், லீவுக்கு எங்கே போனீங்க?" என்பதுதான். பல வருடங்களாக என்னிடம் இருந்த ஒரே பதில், "வீட்டிலேதான் இருந்தேன்." நீங்களும் அப்படித்தானே? தோட்டத்துக் குடும்பம் வெளியூரில் இரவு தங்குவதென்றால் கல்யாணம், கருமாதி, தைப்பூசம் இந்த மூன்றுக்கும்தான். சும்மா இருப்பதற்காக ஓரிடத்திற்குப் போவதாவது!

2024 மே மாதக் கடைசியில் வந்த பள்ளி விடுமுறையில் நாங்கள் அப்படித்தான் போனோம். நான் போட்டு வந்த சீட்டு அந்த மாதம் கைக்கு வந்தது. கூரைத் தகரம் மாற்றலாம் என்றார் என் வீட்டுக்காரர். மாமனார்தான், "கூரை இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்கும். புள்ளைங்க இப்படியே இருக்குமா?" என்றார். நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தமக்காக ஒரு நாளும் லீவு கேட்டதில்லை. அவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

போன இடம் திரெங்கானு மாநிலத்துக் கென்யிர் ஏரி. பகாங்கில் எங்கள் தோட்டத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் அஜில் வரை போய், அங்கிருந்து கோல பெராங் பட்டணத்தைப் பிடித்தோம். 1303-ஆம் ஆண்டைச் சேர்ந்ததென்று சொல்லப்படும் திரெங்கானுக் கல்வெட்டு கிடைத்தது இந்த வட்டாரத்தில்தான் என்று நான் வண்டியில் பாடம் நடத்தத் தொடங்கினேன். பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள். கடையில் இறங்கி நாசி டாகாங் சாப்பிட்டோம். தேங்காய்ப் பாலில் அவித்த சோறும் மீன் குழம்பும். ஒரு வாய் வைத்ததுமே மாமனார், "இதுல வெந்தயம் போட்டிருக்காங்களே!" என்றார். போடத்தான் செய்கிறார்கள். அதன் பிறகு அந்த ஊரை அவர் அந்நியமாக நினைக்கவே இல்லை.

கென்யிர் இயற்கையான ஏரி அல்ல. மின்சாரத்திற்காக 1978-இல் வேலை தொடங்கி 1985-இல் முடித்த அணைக்கட்டால் உண்டானது. அணையின் உயரம் 155 மீட்டர். ஆற்றை மறித்ததும் காடு முழுகிப் போய், மலை உச்சிகள் மட்டும் தீவுகளாக நிற்கின்றன. முந்நூற்று நாற்பது தீவுகள் என்று கணக்கு. பெங்காலான் காவி படகுத்துறையிலிருந்து மோட்டார் படகில் போகும்போது, பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு வெள்ளை வெள்ளையாக நின்றன. மாமனார் வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். "எத்தனை நிரை இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். மரம் என்றால் நிரை எண்ணித்தான் அவருக்குப் பழக்கம்.

நாங்கள் தங்கிய பலகை வீடு கரையில் இல்லை. மிதவைகள் மேல் கட்டி, கயிற்றால் இழுத்துப் பிடித்திருந்த வீடு. கதவைத் திறந்தால் நடைபலகை. பலகை முடிந்தால் தண்ணீர். இப்படிப்பட்ட வீடென்று முன்பே தெரிந்திருந்தால் நான் கூரைத் தகரத்தின் பக்கம் பேசியிருப்பேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது பேராக்கில், பழைய ஈயக் குட்டைகள் சூழ்ந்த ஒரு தோட்டத்தில். 1990-இல் நான் நான்காம் ஆண்டு படித்தபோது, என் பக்கத்து மேசையில் உட்கார்ந்த பையன் ஒரு மாலை குட்டையில் போய்விட்டான். கூட மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் காதிலும் சத்தம் விழவில்லை. மறுநாள் அந்த மேசையில் அவனுடைய கணக்குப் புத்தகம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து வாளித் தண்ணீருக்கு மேல் எனக்குப் பயம்தான். என் பிள்ளைகளையும் ஓடைப் பக்கம் விட்டதில்லை. பயத்தைச் சொத்துப் போலப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்தவள் நான்.

ஆகவே முதல் இரண்டு நாளும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, உள்ளே தாயக்கட்டை உருட்டினோம். காசு கொடுத்து ஏரிக்கு வந்து தாயக்கட்டை! பதினோரு வயது மூத்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எட்டு வயது சின்னவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். என் வீட்டுக்காரர், தமக்கும் நீச்சல் தெரியாது என்பதால், தூண்டிலோடு மௌனமாக இருந்தார். அவருக்கு மாட்டிய தோமான் மீன், நம் விராலுக்குப் பங்காளி. முள் குறைவு, குழம்பு ருசி.

மூன்றாம் நாள் காலை படகோட்டி பாக்சிக் சாமான் கொண்டு வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நான் ஆற்றங்கரையில் பிறந்தவன். நானே இது இல்லாமல் படகில் ஏறமாட்டேன்" என்று தம் மிதவைச் சட்டையைத் தட்டிக் காட்டினார். பிறகு பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டி, ஒரு பரீட்சை செய்தார். எல்லா வாரையும் இழுத்துக் கட்டியபின், இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கினார். சட்டை காது வரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரியது, தண்ணீரில் கழன்றுவிடும். சின்னவளுக்கு ஏறிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய், கால் இடுக்கில் வார் உள்ள சிறிய சட்டை கொண்டு வந்தார். வாசகர்களே, எங்கே படகு ஏறினாலும் இந்தத் தோள் பரீட்சையைச் செய்யுங்கள். கையில் மாட்டும் காற்றுப் பை விளையாட்டுச் சாமான்தான், அதை நம்பாதீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிசயம். மாமனார் சட்டையைக் கழற்றினார், கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார், மிதவைச் சட்டையை மாட்டினார், படியில் இறங்கி மீன் மாதிரி போனார். இருபது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். அவருக்கு நீந்தத் தெரியும் என்று எனக்குத் தெரியாது! "சின்ன வயசுல தோட்டத்து ஆத்துல கத்துக்கிட்டேம்மா. நீ பயப்படுறதைப் பார்த்து அந்தப் பேச்சையே எடுக்கல" என்றார்.

நீந்துவதை அவர் முதலில் கற்றுத் தரவில்லை. படுக்கக் கற்றுக் கொடுத்தார். மல்லாந்து படு, காது தண்ணீருக்குள் இருக்கட்டும், தாடையை வானத்துக்குக் காட்டு, கையை விரி, நெஞ்சு நிறைய மூச்சை இழு. சட்டையோடு ஒரு நாள் முழுக்க இதே பாடம். நான் நடைபலகையில் உட்கார்ந்து கொண்டு கயிற்றை இறுகப் பிடித்திருந்தேன். எதற்குப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள்.

நான்காம் நாள் மாலை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பலகையில் நடமாடும்போதும் சட்டை கழற்றக் கூடாது என்பது பாக்சிக் போட்ட சட்டம். அதை மட்டும் நான் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டேன். ஏதோ ஒரு நொடியில் தலையைத் திருப்பினேன். சின்னவளின் சிவப்புச் செருப்பு ஒன்று தண்ணீரில் மிதந்தது. சத்தமில்லை. தண்ணீர் தெறித்த ஓசைகூட என் காதில் விழவில்லை. 1990-ஆம் ஆண்டு மாலை அப்படியே என் முன்னால் வந்து நின்றது. என் கால் அசையவில்லை.

செருப்புக்கு இரண்டு முழம் தள்ளி அவள் மல்லாந்து கிடந்தாள். கண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் ஓடி வந்து, தண்ணீரில் குதிக்காமல், குப்புறப் படுத்துக்கொண்டு துடைப்பக் கழியை நீட்டினார். பற்றிக்கொண்டாள், இழுத்துவிட்டார். பாசி படிந்த பலகை வழுக்கிவிட்டதாம். "கூப்பிட்டிருக்கலாமேடி!" என்று கத்தினேன். "வாயைத் திறந்தா தண்ணி போகும்னு தாத்தா சொன்னாரும்மா" என்றாள்.

தண்ணீரில் தத்தளிப்பவர் சினிமாவில் போலக் கூச்சலிட்டுக் கையை ஆட்டுவார் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே வாய் போதாது. கூப்பிட எங்கே முடியும்? நம் தோட்டங்களில் குளம், ஓடை, மழைக்காலத்தில் நிரம்பும் கால்வாய், பாமாயில் ஆலைக் கழிவுக் குட்டை என்று எத்தனை இருக்கின்றன! அந்தக் கழிவுக் குட்டையின் மேல் ஆடை கட்டித் தரை போலத் தெரியும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் நீங்களும் பின்னாலேயே குதிக்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டாகப் போகும். கழியை நீட்டுங்கள், சேலையை வீசுங்கள், மூடி இறுக்கிய காலி எண்ணெய்ப் போத்தலைக் கயிற்றில் கட்டி எறியுங்கள். அந்தப் போத்தல் இன்று எங்கள் வீட்டு வாசலில் தொங்குகிறது. அக்கம்பக்கத்தார் திருஷ்டிக்கு என்று நினைக்கிறார்கள்.

நிற்க. ஐந்தாம் நாள் பெத்தாங் ஆற்றுக்குப் போய்க் கெலா மீன்களைப் பார்க்க ஆசைப்பட்டோம். படகு வாடகையைக் கேட்டதும் ஆசை அடங்கிவிட்டது. அன்று முழுக்கப் பிள்ளைகள் தண்ணீரிலேயே கிடந்தார்கள். நான் தடுக்கவில்லை. வெங்காயமும் உரிக்கவில்லை, அன்று ரொட்டியும் சார்டினும்தான்.

ஆறாம் நாள் காலை, ஊர் திரும்புமுன், சுரிதாருக்கு மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரர் தோளைத் தூக்கிப் பரீட்சை செய்து முடித்ததும், நானும் படியில் இறங்கினேன். தண்ணீர் குளிரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே மல்லாந்தேன். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுபோனது. கயிற்றை விட்டேன். பலகையில் உட்கார்ந்து மாமனார் ஒன்று, இரண்டு என்று விரல் மடக்குவது மட்டும் தெரிந்தது. பன்னிரண்டு வரை கிடந்தேன். பதின்மூன்றில் மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே படியைப் பிடித்தேன்.

"அம்மா, தாடை! தாடையைத் தூக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று படியில் நின்றிருந்த சின்னவள் என்னை அதட்டினாள்.