ஆழ்வார்திருநகரிக் கான்ஸ்டபிள்

முத்துக்குளிப்புக்குப் பெயர்போன கரையில், தூத்துக்குடி ஜில்லாவின் வடகோடியில் இருக்கும் வேம்பாரிலிருந்து நேயர் ஒருவர் நம்மைச் சற்றுக் கடிந்துகொண்டு எழுதியிருக்கிறார். கடமையில் உயிர் நீத்த போலீஸாருக்கு அக்டோபர் 21-ம் தேதி தேசமெங்கும் அஞ்சலி செய்யப்படுவதைப் பற்றி நாம் இரண்டு வரி எழுதியிருந்தோம். (1959-ம் ஆண்டில் அத்தேதியில்தான் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனத் துருப்புகள் சுட்டு நம் போலீஸார் பத்துப் பேர் மாண்டார்கள்.) சாத்தான்குளத்தைத் தன்னகத்தே கொண்ட ஜில்லாவில் போலீஸ்காரருக்கு அஞ்சலியா என்று நேயர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். தேசீய இயக்கத்தின் சரித்திரத்தில் போலீஸுக்கு நல்ல பெயர் கிடையாது. வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதான மறுநாள், 1908 மார்ச் 13-ம் தேதி, திருநெல்வேலியில் துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். அது அந்நிய ஆட்சி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். 2018 மே 22-ம் தேதி தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கும், 2020 ஜூன் மாதத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் சாத்தான்குளம் போலீஸார் பிடித்துச் சென்ற சில நாட்களுக்குள் மாண்டதற்கும் எந்த வெள்ளைக்காரனைக் குறை சொல்வது?

இத்தனையும் மனத்தில் இருக்கும்போதே இன்னொரு பெயரைச் சொல்ல விரும்புகிறோம். அதே ஜில்லா, அதே 2020-ம் ஆண்டு, இரண்டே மாத இடைவெளி. பெயர் சுப்பிரமணியன். ஏரலுக்கு அருகிலுள்ள பண்டாரவிளைக்காரர். ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனில் சாதாரணக் கான்ஸ்டபிள்; முப்பது வயதும் நிரம்பாதவர்.

கொலை வழக்குகளில் தேடப்பட்ட ஒருவன், வெளிமான்கள் திரியும் வல்லநாட்டுக்குப் பக்கத்தில் மணக்கரை அருகே ஒளிந்திருப்பதாகத் துப்புக் கிடைத்தது. ஆகஸ்டு 18-ம் தேதி ஒரு தனிப்படை புறப்பட்டது. சுப்பிரமணியனும் அதில் ஒருவர். போலீஸாரைக் கண்டதும் அவன் நாட்டு வெடிகுண்டுகளை வீசினான். ஒன்று சுப்பிரமணியனின் தலையில் பட்டு வெடித்தது. அவர் அந்த இடத்திலேயே மாண்டார். வெடியில் காயமுற்ற குற்றவாளியும் பிழைக்கவில்லை.

சுப்பிரமணியன் எதற்காக அங்கே சென்றார்? ஓர் ஆளைப் பிடித்து நீதிபதியின் முன் நிறுத்துவதற்காக. தண்டிப்பது கோர்ட்டாரின் வேலை. கொண்டுபோய் நிறுத்துவது மட்டுமே போலீஸின் வேலை. சாத்தான்குளத்தில் மறக்கப்பட்டது இந்த வித்தியாசந்தானே! ஆகவே ஒன்றை நினைத்தால் மற்றது மறைந்துவிடும் என்று நேயர் அஞ்ச வேண்டாம். சாத்தான்குளம் ஸ்டேஷனில் இரவு முழுவதும் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்ன ரேவதியும் ஒரு தலைமைக் காவலர்தாம். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வது வெடிகுண்டை எதிர்கொள்வதைவிட எளிதென்று நமக்குத் தோன்றவில்லை.

மற்றபடி, வேம்பார்வாசிகளுக்கு இத்தகைய மரணத்தைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலுக்காகக் கடலேறியவர் கரை திரும்பாத துக்கத்தைப் பரதவர் குடும்பங்கள் நன்கறியும். நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இறந்தவர் நல்லவரா, அவர் கூட்டாளிகள் நல்லவர்களா என்று அங்கே யாரும் விசாரணை நடத்துவதில்லை.

சுப்பிரமணியனின் குடும்பத்துக்குச் சர்க்கார் 50 லட்சம் ரூபாயும், ஒருவருக்கு உத்தியோகமும் அறிவித்தது. பண்டாரவிளையில் துப்பாக்கி மரியாதையுடன் அடக்கம் நடந்தது. உயர் அதிகாரிகள் வந்து போனார்கள். வீட்டில் இளம் மனைவியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள். அந்தக் குழந்தை இப்பொழுது பள்ளிக்கூடம் போகும் வயதை எட்டியிருக்கும்.