கட்டைவிரல் அளவுதான்... ஆனால் தெருவுக்கே இன்டர்நெட் தருது!

போன வாரம் எதிர்வீட்டு அக்கா மகனுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. தொடங்க பத்து நிமிஷம் இருக்கும்போது மோடத்தில் 'எல்.ஓ.எஸ்' விளக்கு சிவப்பாகிவிட்டது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், வழக்கமான பதில்தான்: ''மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.'' நாலு தடவை பண்ணியாச்சு. பாவம், கடைசியில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் திக்கித் திணறி இன்டர்வியூவை முடித்தான்.

விசாரித்தால், தெரு முழுக்கவே அதே சிவப்பு விளக்கு! கேபிள் அண்ணனைத் தேடிப் போனேன். அவர் தன் அறையில் இருந்த பெட்டியிலிருந்து கட்டைவிரல் அளவு உலோகத் துண்டு ஒன்றைச் சொடுக்கி உருவினார். அதே இடத்தில் புதிதாக ஒன்றைச் செருகினார். பெட்டியை அணைக்கக்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் தெருவுக்கே உயிர் வந்துவிட்டது.

அந்தத் துண்டின் பெயர் ஆப்டிகல் மாட்யூல். உள்ளே ஒரு குட்டி லேசரும், ஒளியை வாங்கும் சென்சாரும் இருக்கும். 'ஜிபான்' என்ற முறையில் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளி நம் வீட்டுக்கு வரும். நாம் அனுப்புவது 1310-ல் திரும்பிப் போகும். ஒரே கண்ணாடி இழையில் இரண்டும் மோதாமல் போய்வருவது இதனால்தான். வழியில் கரன்ட்டே தேவைப்படாத 'ஸ்ப்ளிட்டர்' அந்த ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துத் தரும். ஆக, நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் என்பது அத்தனை வீடுகளுக்கும் சேர்த்துத்தான். விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்லாது!

இன்னொரு வினோதமும் உண்டு. எல்லா வீட்டு மோடங்களும் முறை வைத்துத்தான் ஒளியை அனுப்ப வேண்டும். ஏதோ ஒரு வீட்டு மோடம் பழுதாகி விடாமல் ஒளி வீசினால், அந்த இழையில் இருக்கும் எல்லோருக்கும் இணைப்பு போய்விடும். அப்போது சிவப்பு விளக்கு எரியாது. 'பான்' விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். எந்த வீடு என்று ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் கண்டுபிடிப்பார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? லைன்மேன் வந்தால், ''ஆப்டிகல் பவர் எவ்வளவு?'' என்று கேளுங்கள். பல மோடங்களின் செட்டிங்ஸ் பக்கத்திலும் 'ஆர்எக்ஸ் பவர்' என்று தெரியும். பொதுவாக மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27-க்குள் இருக்க வேண்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மூன்று எண் இறங்கினாலே ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் ஒயர் எங்காவது மடங்கியிருக்கும், அல்லது அந்தப் பச்சை முனையில் தூசி படிந்திருக்கும். அதை நாமே கழற்றித் துடைக்க வேண்டாம். முனைக்குள் எட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

இன்று காலை எங்கள் வீட்டில் மைனஸ் 19. எதிர்வீட்டில் பார்த்தால் மைனஸ் 26! அடுத்த ரவுண்ட் இன்டர்வியூ வெள்ளிக்கிழமையாம். கேபிள் அண்ணனுக்கு இப்போதே போன் போட்டுவிட்டோம்.