மரச் சொப்பும் மழலையர் நலமும்

குழந்தைகளின் விளையாட்டுச் சாமானைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டுமா, தேசத்தில் இதைவிடப் பெரிய காரியங்கள் இல்லையா என்று சிலர் கேட்கக் கூடும். மேடைகளில் பெரிய காரியங்கள் என்று நாம் ஓயாமல் பேசிவருவன யாவை? வருங்காலச் சந்ததியின் தேகநலம் ஒன்று. கைத்தொழிலாளரின் ஜீவனம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு சிறு கிலுகிலுப்பையில் ஒருசேர அடங்கியிருக்கின்றன. அதை யார் செய்தார், எந்தப் பொருளால் செய்தார், எந்தச் சாயம் பூசினார் என்று விசாரிக்காமல் பணங்கொடுத்து வாங்கிக் குழந்தையின் கையில் தரும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் நாம், பொம்மையில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

கைக்குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் ஏறத்தாழ ஓர் ஆகாரமே. கையில் அகப்பட்டதை வாயில் வைத்துப் பார்த்தே அது உலகத்தை அறிகிறது. பல் முளைக்கும் பருவத்தில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது. அதன் மேல் பூசிய வர்ணத்தில் ஈயம் கலந்திருந்தால் அந்த ஈயம் உமிழ்நீரோடு உடலுக்குள் சென்று வளரும் மூளையைத் தாக்குகிறது. இன்ன அளவு ஈயம் குழந்தைக்குத் தீங்கற்றது என்று சொல்ல இயலாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் முடிவு. மலிவான பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் என்னும் ரசாயனங்களையும் பல தேசத்துச் சட்டங்கள் குழந்தைகளின் சாமான்களில் கட்டுப்படுத்தியிருக்கின்றன. 2007-ல் அமெரிக்காவில் ஈய வர்ணம் பூசிய பொம்மைகள் லட்சக்கணக்கில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டதையும், அதன் பயனாக 2008-ல் அங்கே கடுமையான சட்டம் பிறந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். பெரிய கம்பெனியின் பெயரும் பளபளப்பான பெட்டியும் குழந்தைக்குக் காப்பு ஆகா என்பதை உலகம் அன்று கண்கூடாகக் கண்டது.

இனி நமது கைத்தொழிலாளர் செய்யும் பொம்மையைப் பார்ப்போம். தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் மரச் சொப்புக்குப் பேர்போனது. மைசூர் சாலையிலுள்ள சென்னப்பட்டணமும், ஆந்திர தேசத்தில் வராக நதிக்கரையிலுள்ள ஏடிகொப்பாகாவும் மரக் கடைசல் பொம்மைக்குப் புகழ் பெற்றவை. சென்னப்பட்டணத்திலும் ஏடிகொப்பாகாவிலும் பயன்படும் மரம் வெட்பாலை. வெண்மையும் மிருதுவும் வாய்ந்த அம்மரத்தை உலர்த்திக் கடைசல் இயந்திரத்தில் பூட்டிச் சுழற்றுகிறார்கள். உளி பட்ட மாத்திரத்தில் பந்தும் பம்பரமும் குடமும் உருவெடுக்கின்றன. பிறகு சுழலும் மரத்தின்மேல் சாயமேற்றிய அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வில் எழும் சூட்டினால் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உலர்ந்த தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் மெருகு ஏறுகிறது. அரக்கோ, காட்டு மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி தருவது. ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் முதலிய பிரதேசங்களில் வனவாசிகளின் வருமானங்களுள் அது ஒன்று. மஞ்சளும் அவுரியும் போன்ற தாவரச் சாயங்களைக் கொண்டு செய்தால் அந்தப் பொம்மையில் குழந்தைக்குக் கெடுதி செய்யும் வர்ணம் ஏதும் இல்லை. பழுதாகி எறிந்தாலும் மண்ணோடு மண்ணாகிறது. பிளாஸ்டிக் பொம்மையோ, அதை வைத்து விளையாடிய குழந்தை கிழவனாகி மாண்ட பின்னும் குப்பைமேட்டில் கிடக்கும்.

இவை நமக்குப் புதியன என்று எவரும் நினைக்க வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை பேசுகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிறுபறை முழக்குவதற்கும் சிறுதேர் உருட்டுவதற்கும் தனித்தனிப் பருவமே வகுத்தார்கள். தச்சர் செய்து கொடுத்த நடைவண்டியைப் பிடித்தே நம் பாட்டன்மார் நடை பயின்றனர். மரப்பாச்சியும் பனையோலைக் கிலுகிலுப்பையும் இல்லாத வீடு ஒரு காலத்தில் அரிது. அவை போய்விட்ட இடத்தில், பித்தானை அமுக்கினால் கூச்சலிட்டுத் தானே ஆடும் யந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பொம்மை ஆடக் குழந்தை வேடிக்கை பார்க்கிறது. மரச் சொப்பில் அப்படியில்லை. அடுப்பு மூட்டுவதும் சோறு சமைப்பதும் விருந்தினருக்குப் பரிமாறுவதும் குழந்தையின் சொந்தக் கற்பனை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2020-ல் அந்நிய விளையாட்டுச் சாமான்களின் மீதிருந்த சுங்கவரியை 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தினார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையில்லாத பொம்மையை விற்கலாகாது என்னும் உத்தரவு 2021 ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்தது. 2018-19-ல் சுமார் 37 கோடி டாலராக இருந்த இறக்குமதி, 2021-22-ல் சுமார் 11 கோடி டாலராகக் குறைந்ததாகச் சர்க்கார் கணக்குக் கூறுகிறது. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்நியப் பிளாஸ்டிக் போன இடத்தில் உள்நாட்டுப் பிளாஸ்டிக் வந்து அமர்ந்தால், அதனால் ஆலை முதலாளிக்கு லாபம் உண்டு. அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரருக்கு என்ன லாபம்? சுதேசியம் என்பது பொருள் எந்த எல்லைக்குள் செய்யப்பட்டது என்பதோடு முடிந்துவிடுவதன்று. அதைச் செய்த கைக்குச் சோறும், வாங்கிய வீட்டுக்கு நன்மையும் கிட்டும்போதே அது முழுமை பெறுகிறது.

தர உத்தரவு வந்தபோது கைத்தொழிலாளர் திகைத்ததில் வியப்பில்லை. சோதனைச் சாலை வைத்து லைசென்ஸு பெறுவது பெரிய ஆலைக்கு எளிது. ஒரு கடைசல் இயந்திரமும் இரண்டு உளியுமே ஆஸ்தியாகக் கொண்டவர் அதற்கு எங்கே போவார்? இதையுணர்ந்து 2020 டிசம்பரில், கைவினை அபிவிருத்தி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட தொழிலாளரின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அந்த உத்தரவிலிருந்து விலக்கு அளித்தார்கள். விலக்கு நியாயமானதே. ஆனால் விலக்கோடு நின்றுவிட்டதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கைத்தொழிலாளருக்கு வேண்டியது சோதனையிலிருந்து தப்பும் சலுகையன்று. தமது பொருள் சுத்தமானது என்று நிரூபித்துக் காட்டத் தமக்கு எட்டும்படியான ஒரு வழியே அவருக்கு வேண்டும்.

ஏன் இதை வற்புறுத்துகிறோம்? கையால் செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. இயற்கை என்று சொல்லிவிட்டதனால் நஞ்சு அமுதமாகாது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியைக் காட்டிலும் இயற்கையான பொருள் வேறு என்ன? ஆனால் அதை மென்று விழுங்கினால் கொடிய விஷம். கிலுகிலுப்பைக்குள் அதைப் போட்டுத் தைத்தால், ஓலை பிரிந்த அன்றைக்குக் குழந்தையின் கதி என்னவாகும்? வண்டியின் சக்கரத்தில் செருகிய சிறு ஆணி கழன்றால் அது தொண்டையில் சிக்கும். விலையைக் குறைக்க வேண்டும் என்று வியாபாரி நெருக்கும்போது, அரக்கையும் தாவரச் சாயத்தையும் விட்டுக் கடை வர்ணத்தைப் பூசிவிடும் ஆசையும் தோன்றும். அவ்விதம் பூசிய பொம்மையையும் சுத்தமான பொம்மையையும் பக்கத்தில் வைத்தால் நமது கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒருவர் செய்யும் வஞ்சனையால் நேர்மையாக உழைக்கும் நூறு பேரின் பிழைப்பு கெடும். நல்ல தொழிலாளரைக் காப்பதற்காகவே சோதனை தேவை என்கிறோம்.

இது நடக்காத காரியம் என்று சொல்வோருக்கு ஏடிகொப்பாகாவே பதில். அவ்வூரில் ரசாயன வர்ணம் புகுந்து பழைய முறை மறைந்துகொண்டிருந்த காலத்தில், ஸ்ரீ சி. வி. ராஜு என்பார் விதை, பட்டை, வேர், இலைகளிலிருந்து சாயம் எடுக்கும் வித்தையை மீட்டுத் தொழிலாளருக்குப் பயிற்றுவித்தார். 2023-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிக் கௌரவித்தது. சட்டத்தின் பக்கத்திலோ அமெரிக்காவின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். 2008-ன் சட்டம் தங்களை நசுக்கிவிடும் என்று அங்கிருந்த சிறு பொம்மைக்காரர் முறையிட்டார்கள். வர்ணம் பூசாத மரமும் பருத்தியும் கம்பளியும் போன்ற பொருள்களுக்கு ஈயச் சோதனை தேவையில்லை என்று 2009-ல் அங்குள்ள அதிகாரிகள் முடிவு செய்தார்கள். சிறு அளவில் செய்வோருக்கு வேறு சில சலுகைகள் 2011-ல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. அபாயம் எங்கே உண்டோ அங்கே கண்டிப்பு, இல்லாத இடத்தில் தளர்ச்சி என்பதே அதன் சாரம்.

ஆகவே சர்க்காருக்கு நாம் மூன்று யோசனைகள் கூறுகிறோம். முதலாவது, பொம்மைத் தொழில் நடக்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் சர்க்கார் செலவில் ஒரு பொதுச் சோதனைச் சாலை வேண்டும். பொம்மை தோறும் சோதிப்பது வீண் வேலை. அரக்கும் சாயமும் வரும் இடத்திலேயே அவற்றைச் சோதித்து முத்திரையிட்டுக் கைத்தொழிலாளருக்கு விற்றால் பாதிக் கவலை தீர்ந்துபோகும். சக்கரமும் முளையும் உறுதியாக உள்ளனவா என்பதைப் பார்க்க ஒரு தேர்ந்த ஆசாரி போதும்.

இரண்டாவது, மரம். வெட்பாலை வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் சுபாவமுடையது. அதைப் புறம்போக்குகளிலும் ஏரிக்கரைகளிலும் வளர்த்து, முறைப்படி வெட்ட உரிமையளித்தால் காடும் அழியாது, தொழிலும் நிற்காது. மரப்பாச்சிக்கு உகந்ததென்று பெயர்பெற்ற செஞ்சந்தன மரம் கள்ளக் கடத்தலுக்கு இலக்காகிக் கடுங்காவலில் இருப்பதைப் பார்க்கிறோம். மரத்தை வளர்க்காமல் தொழிலை வளர்ப்போம் என்பது விதைக்காமல் அறுக்க நினைப்பதாகும்.

மூன்றாவதும் முக்கியமானதும் கொள்முதல். தமிழ்நாட்டில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. தேசமெங்கும் சுமார் 14 லட்சம். ஏழைக் குழந்தைகள் முதன்முதலாகப் பொதுச் சொத்தாக ஒரு விளையாட்டுச் சாமானைத் தொடும் இடம் அதுவே. அங்கே முன்பருவக் கல்விக்கென்று வாங்கும் சாமான்களில் ஒரு பங்கை மரச் சொப்பும் கட்டையும் பம்பரமும் ஓலைக் கிலுகிலுப்பையுமாகக் கைத்தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களிடமே நேராக வாங்க வேண்டும் என்று விதி செய்தால், இடையில் நிற்கும் தரகருக்கு வேலையில்லை. ஆண்டு முழுவதும் வேலை உண்டு என்னும் உறுதி கிடைத்தால் உளியைக் கீழே வைத்த இளைஞரும் திரும்பி வருவர். கண்காட்சி நடத்துவதும் பொன்னாடை போர்த்துவதும் நல்லவையே. அவற்றால் உலை கொதிப்பதில்லை. சென்னப்பட்டணத்துப் பொம்மைக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிக்கும் புவிசார் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் கழிந்தன. குறியீடு பெயரைக் காக்கும். வயிற்றைக் காப்பது கிராக்கியே.

விலை அதிகம் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. ஏழைக் குடும்பத்தார் அவ்வாறு சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்காகவே அங்கன்வாடியைச் சொன்னோம். கொஞ்சம் வசதியுள்ளவர் சொன்னால் நாம் ஏற்க மாட்டோம். ஒரு வாரத்தில் உடையும் பத்துப் பிளாஸ்டிக் சாமானுக்குக் கொடுக்கும் பணத்தில், தம்பி தங்கைக்கும் மிஞ்சும் இரண்டு மரச் சாமான்களை வாங்கலாம். குழந்தைக்குப் பத்துப் பொம்மை தேவையில்லை. பத்து விதமாக விளையாடத்தக்க ஒன்றே போதும்.

நமது வீடுகளிலேயே வேறொரு குறையையும் காண்கிறோம். நவராத்திரிக்குப் பொம்மை வாங்குகிறோம், படிகட்டி அலங்கரிக்கிறோம், குழந்தை அருகில் வந்தால் "தொடாதே" என்று அதட்டுகிறோம். பத்தாம் நாள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். கொலுவை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சுதேசிப் பொம்மை பெட்டிக்குள்ளும் அந்நியப் பொம்மை குழந்தையின் கைக்குள்ளும் இருப்பது விபரீதம். அழகுக்காக அலமாரியில் அடைபட்ட தொழில் அங்கேயே மெல்ல மெல்ல மடியும்.

தேசத் தொண்டர்களாகிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர்ச் சங்கங்களிலும் தொழிற் கூட்டங்களிலும் பெரிய விஷயங்களைப் பேசும்போது இச்சிறு விஷயத்தையும் பேசுங்கள். உங்கள் தெருவிலுள்ள அங்கன்வாடியில் குழந்தைகள் எதை வைத்து விளையாடுகின்றன என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது, யார் வாங்கினார்கள் என்று கேளுங்கள். பிறந்த வீட்டுக்குப் பரிசு கொண்டு போகும்போது, செய்தவர் ஊர் தெரிந்த பொருளையும், பூசிய சாயம் தெரிந்த பொருளையும் கொண்டு போங்கள். வாயில் வைப்பது இன்னதென்று அறியாத சிசுவின் சார்பில் விசாரிக்க வேண்டியவர்கள் நாமே. அந்தச் சிறு விசாரணையால் ஒரு குழந்தை நஞ்சுக்குத் தப்பும். எங்கோ ஓர் ஆற்றங்கரையில் ஒரு கடைசல் இயந்திரம் மறுநாளும் சுழலும்.