ரெண்டாவது திரை: போறதுக்கு இல்ல, இருக்கிறதுக்கு

டிஸ்கி: இது ஒரு பொட்டி தட்டுறவனோட கருத்து. ஆனா ஊர்ல அப்பா அம்மாவை விட்டுட்டு வெளியூர்ல ஆணி புடுங்குற எல்லாருக்கும் உபயோகப்படும்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோட உக்காருங்க.

லேப்டாப் பையிலயே சொருகி எடுத்துட்டுப் போற மாதிரி தட்டையா ஒரு மானிட்டர் விக்கிறாங்க இல்லையா, அதோட விளம்பரத்தை என்னைக்காவது கவனிச்சிருக்கீங்களா? ஒருத்தர் ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து, ரெண்டு திரையையும் விரிச்சு வச்சு, சிரிச்சுக்கிட்டே வேலை பாப்பார். இல்லேன்னா காப்பிக் கடை. இல்லேன்னா விமான நிலையம். ரெண்டு வருஷமா அந்த சாமானை வச்சிருக்கிறவன்ற முறையில சொல்றேன், அந்த விளம்பரம் சுத்தப் பொய். பயணம் பண்ணும்போது அது ஒன்னுத்துக்கும் ஆகாது. போய்ச் சேந்த எடத்துல நாலு நாள் கூடுதலா தங்குறதுக்குத்தான் அது ஆகும். அதுக்காகவே வாங்கலாம்ங்கிறது என் கட்சி.

முதல்ல பயணத்தை முடிச்சிருவோம்.

எனக்கு வேலை சென்னைல, ஊரு கொட்டாம்பட்டி. திருச்சில இருந்து மதுரைக்குப் போற நாலு வழிச் சாலைல, துவரங்குறிச்சிக்கும் மேலூருக்கும் நடுவுல. நத்தம் ரோடும் சிங்கம்புணரி ரோடும் வந்து சேர்ற எடம். ரயில் கிடையாது. சென்னைல பஸ் ஏறினா நானூறு கிலோமீட்டருக்கு மேல, விடியக்காலைல பைபாஸ்ல இறக்கி விடுவாங்க. அந்த பஸ்ல மடியில லேப்டாப்பை வச்சாலே முன் சீட்டுக்காரர் சாயும்போது திரை மடங்கும். இதுல ரெண்டாவது திரைய எங்க வைக்க? பக்கத்து சீட்டுக்காரர் மடியிலயா? :-)

சரி ரயில்ல போறவங்க? வைகை எக்ஸ்பிரஸ் 1977ல இருந்து ஓடுது, நம்ம ஊர்க்காரங்க பாதிப் பேரு அதுல முறுக்கு தின்னு வளந்தவங்க. அதுல பேப்பர் விரிக்கிறதுக்கே பக்கத்துல அனுமதி கேக்கணும். 2024 ஆகஸ்ட்ல எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் விட்டாங்க, மதுரை வழியா. முன் சீட்டு முதுகுல மடக்குப் பலகை இருக்கு. ஒரு லேப்டாப் வைக்கலாம். கூட ஒரு டீ கப்பு வச்சா நம்ம கண்ணு கப்பு மேலதான் இருக்கும்.

இடம் கிடைச்சாலும் கரண்ட் பிரச்சினை இருக்கு. இந்தத் தட்டை மானிட்டருக்குன்னு தனியா பேட்டரி பெரும்பாலும் கிடையாது, லேப்டாப்புல இருந்துதான் உறிஞ்சும். 15.6 இஞ்ச் திரைக்கு ஏறக்குறைய 8 வாட்னு வச்சுக்குவோம். உங்க லேப்டாப் பேட்டரி 50 வாட்-மணி, சாதாரண வேலைக்கு 10 வாட் இழுக்குதுன்னா அஞ்சு மணி நேரம் வரும். கூட இதையும் மாட்டினா 18 வாட். மூணு மணி நேரம்கூட வராது. திருச்சி தாண்டுறதுக்குள்ள ரெண்டு திரையும் சேந்தே கண்ணை மூடிரும்.

இன்னொன்னு வெளிச்சம். இந்தத் திரைகள்ல நிறைய 250 நிட் அளவுலதான் வருது. நம்ம கையில இருக்கிற போனே வெயில்ல 1000 நிட்டுக்கு மேல போகுது. ஜன்னலோர சீட்டுல அந்தத் திரைல தெரியுறது உங்க மூஞ்சிதான். திண்ணைல உக்காந்தாலும் அதே கதைதான்.

உண்மையச் சொன்னா ரெண்டாவது திரைங்கிறது தொடக்கத்துல இருந்தே உக்காந்து பாக்குற வேலைக்கு வந்தது. டாஸ் காலத்துலயே கருப்பு வெள்ளை கார்டு ஒன்னும் கலர் கார்டு ஒன்னும் ஒரே ஐபிஎம் பிசியில சொருகுவாங்க. ரெண்டும் மெமரில வேற வேற எடத்தைப் பிடிக்கிறதால சண்டை வராது. ஒன்னுல புரோகிராம் ஓடும், இன்னொன்னுல டீபக்கர். 1987ல மேகின்டாஷ் 2 பல மானிட்டரை ஏத்துக்கிச்சு. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விண்டோஸ் 98 வந்த அப்புறம்தான் அது சாதாரண விஷயமாச்சு. அப்புறம் அதைத் தூக்கிட்டு நடக்க ஆசை வந்துச்சு. 2008 கடைசில லெனோவோ திங்க்பேட் டபிள்யூ700டிஎஸ்னு ஒன்னு அறிவிச்சாங்க. 17 இஞ்ச் திரைக்குப் பின்னாடி இருந்து 10.6 இஞ்ச் குட்டித் திரை டிராயர் மாதிரி வெளிய வரும். எடை அஞ்சு கிலோகிட்ட. அதை மடியில வச்சா மடி இருக்காது.

அப்புறம் யூஎஸ்பி வழியா படம் அனுப்பப் பாத்தாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: 1920-க்கு 1080 புள்ளி, ஒவ்வொன்னுக்கும் 24 பிட், நொடிக்கு 60 தடவை. ஏறக்குறைய 3 ஜிகாபிட். யூஎஸ்பி 2 கொடுக்கிறது 480 மெகாபிட். அதனாலதான் படத்தைச் சுருக்கி அனுப்புற டிஸ்பிளேலிங்க் மாதிரி வித்தை தேவைப்பட்டுச்சு. 2014ல யூஎஸ்பி-சி வந்து, அதே வயர்லயே டிஸ்பிளேபோர்ட் படமும் கரண்டும் போகலாம்னு ஆன பிறகுதான் ஒத்தை வயர்ல வேலை முடிஞ்சுச்சு. இப்ப 800 கிராம் அளவுல திரை கிடைக்குது. எடுத்துட்டுப் போறது சுலபமாச்சு, அவ்வளவுதான். அதை வச்சு வேலை பாக்க இன்னும் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் வேணும்.

சரி, ரெண்டு திரை எதுக்கு? "ஒன்னுல படம் பாத்துக்கிட்டே ஒன்னுல வேலை பாப்பியாடா"ன்னு என் ஃபிரெண்ட் கேட்டான். ரெண்டு வேலைய ஒரே நேரத்துல பாக்குறதுக்கு இல்லப்பா. ஒரே வேலையோட ரெண்டு பாதியையும் ஒரே நேரத்துல பாக்குறதுக்கு. இந்தப் பக்கம் கோட், அந்தப் பக்கம் லாக். ஆல்ட்-டேப் அடிச்சு அடிச்சு மாறும்போது, அந்தப் பக்கம் பாத்த நம்பர் இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள மறந்துரும்.

பதிவர்களுக்குப் புரியுற உதாரணம் வேணும்னா, விக்கிமூலத்துல மெய்ப்புப் பாத்தவங்களக் கேளுங்க. ஸ்கேன் பண்ண பழைய பக்கம் ஒரு பக்கம், எழுத்து இன்னொரு பக்கம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் ரகரமா றகரமான்னு தெரியும். 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துக்கு ஆளுங்க புத்தகத்தைப் பக்கத்துல விரிச்சு வச்சுத்தான் தட்டச்சு பண்ணாங்க. அந்த விரிச்ச புத்தகமும் ஒரு ரெண்டாவது திரைதானே?

ஆய்வும் இருக்கு. 2003ல அமெரிக்காவுல யூட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க, ஒன்னுக்கு மேல திரை இருந்தா வேலை வேகமாவும் தப்புக் கம்மியாவும் நடக்குதுன்னு சொன்னாங்க. ஆனா அதுக்குக் காசு கொடுத்தவங்கள்ல என்ஈசி-மிட்சுபிஷியும் உண்டு, மானிட்டர் விக்கிறவங்க. அதனால நான் ஆய்வை நம்பி வாங்கச் சொல்ல மாட்டேன். சனி ஞாயிறு கணக்கை நம்பி வாங்கச் சொல்வேன்.

அதென்ன கணக்கு? வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி சனிக்கிழமை காலைல இறங்குறோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்ப பஸ். நடுவுல ரெண்டு பகல். ஒரு பகல் தூக்கத்துலயே போயிரும். மாசம் ஒரு தடவைன்னா வருஷத்துக்கு 24 பகல். அப்பாவுக்கு வயசு அறுபத்தி ஆறு. மிச்சத்தை நீங்களே பெருக்கிப் பாருங்க, நான் ஒரு தடவை பாத்தேன், திரும்பப் பாக்கலை.

எங்க ஆபீஸ்ல மாசத்துல எட்டு நாள் எங்க இருந்து வேணும்னாலும் வேலை பாக்கலாம். ஒத்தை லேப்டாப் திரைல ரெண்டு நாள் சமாளிக்கலாம். மூணாவது நாள் கழுத்தும் கண்ணும் "கெளம்பு கெளம்பு"ன்னு சொல்லும். உங்களுக்கே தெரியாம "ஆபீஸ்ல முக்கியமான வேலை"ன்னு பொய் சொல்லி பஸ் புக் பண்ணிருவீங்க. ரெண்டாவது திரை வந்த பிறகு அந்த எட்டு நாளும் முழுசா கொட்டாம்பட்டில கழியுது. கேபிள் டிவி அண்ணன் இழுத்துக் கொடுத்த ஃபைபர் இருக்கு. மாசாந்திரப் பராமரிப்புன்னு பகல் முழுக்கக் கரண்ட் போற அன்னைக்கும் கணக்கு சரியா வருது: 12 வோல்ட், 150 ஆம்பியர் இன்வெர்ட்டர் பேட்டரில 1800 வாட்-மணி. பாதிதான் தேறும்னாலும் 900. லேப்டாப் 30, திரை 8, ரவுட்டர் 10, ஃபேன் 60. எட்டு மணி நேரம் ஓடும்.

இங்க ஒரு எதிர்க்கட்சி உண்டு. "வீட்டுலதான் டிவி இருக்கே, ஹெச்டிஎம்ஐ வயரைச் சொருகிட்டுப் போ"ன்னு. பல வீட்டு 32 இஞ்ச் டிவி 1366-க்கு 768 புள்ளிதான். படம் பாக்கலாம், எழுத்து பல்லிளிக்கும். அதை விடப் பெரிய காரணம், அமெரிக்காக்காரன் மீட்டிங் போடுற நேரமும் அம்மா சீரியல் பாக்குற நேரமும் ஒன்னு. இதுல யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்லத் தேவையில்ல.

இன்னொரு எதிர்வாதம் நியாயமானது. 24 இஞ்ச் சாதா மானிட்டரே அதே விலைக்கு, சமயத்துல கம்மியாவே கிடைக்குதே? ஆமா. நீங்க ஒரே ஊருக்குத்தான் போவீங்கன்னா அதை வாங்கி ஊர்ல வச்சிருங்க, தட்டைத் திரை வேணாம். நான் எடுத்துட்டுப் போற திரைதான் வேணும்னு சொல்றது, தேவை எங்க வரும்னு நமக்குத் தெரியாததால. போன வருஷம் அப்பாவுக்குக் கண்ணுல புரை எடுத்தாங்க, மதுரைல. தினம் கொட்டாம்பட்டில இருந்து கூட்டிட்டுப் போக முடியாதுன்னு அக்கா வீட்டுல ஒரு வாரம் தங்கினோம். அக்கா வீட்டு அலமாரி மேல ரெண்டு திரைய வச்சு வேலை பாத்தேன், மணிக்கணக்குப் பாத்து கண்ணுக்கு மருந்து விட்டேன். லீவு ஒரு நாள்தான் போச்சு. "ஏப்பா, உனக்கு ஒரு டிவி பத்தாதா?"ன்னு பச்சைத் துணி கட்டுன கண்ணோட அப்பா கேட்டது மட்டும்தான் இடைஞ்சல்.

அடுத்து காசு. யாரு வாங்கணும்? எங்க ஊர்ல கொத்தனார் சொந்தக் கரண்டி, சொந்த ரசமட்டத்தோட வருவார். ஆனா எப்ப வர்றது, எந்த வீட்டு வேலைய எடுக்கிறதுன்னு அவர்தான் முடிவு பண்ணுவார். நம்ம நேரத்தை முடிவு பண்றது கம்பெனி. அப்ப கரண்டியும் கம்பெனிதானே தரணும்? இது நான் மட்டும் சொல்றது இல்ல. வரி இல்லாம வர்ற சாமான்ங்கிறதால சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள்ள இருந்து எதையும் சும்மா வெளிய எடுத்துட்டு வர முடியாது. 2022 ஜூலைல மத்திய அரசு 43ஏ-ன்னு விதி போட்டு, வீட்டுல இருந்து வேலை பாக்குறவங்களுக்குச் சாதனத்தைக் கம்பெனி கொடுக்கணும், அதை வெளிய எடுத்துட்டுப் போகலாம்னு சொல்லிருச்சு. ஆக, கேளுங்க. ஒரு மெயில்தான். "இல்ல"ன்னு வந்தா அப்புறம் சொந்தக் காசு. அப்படி வாங்கினா அது உங்க கரண்டி. ராத்திரி பத்து மணிக்கு அது எடுக்கப்படுமா இல்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

அதனாலதான் இந்தத் திரைல எனக்கு ரொம்பப் பிடிச்ச வசதி புள்ளியும் கிடையாது, எடையும் கிடையாது. மடங்குறது. 24 இஞ்ச் மானிட்டர் கூடத்துல உக்காந்தா அந்தக் கூடம் ஆபீஸ்தான், ஞாயித்துக்கிழமையும். இது அப்படி இல்ல. வயரை உருவி, மூடியப் போட்டு, பீரோல வேட்டிக்கு அடியில வச்சுட்டா அங்க ஒரு ஆபீஸ் இருந்ததுக்கு அடையாளமே இருக்காது. அந்த மேசைலயே சோறு போடலாம்.

கொசுறு, வாங்கப் போறவங்களுக்கு:

1. யூஎஸ்பி-சி ஓட்டை இருக்கிற எல்லா லேப்டாப்பும் அதுல படம் அனுப்பாது. டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா மினி ஹெச்டிஎம்ஐ-க்கு ஒரு வயர், கரண்டுக்கு ஒரு வயர்.

2. டிஸ்பிளேலிங்க் வகை வாங்கினா டிரைவர் போடணும். ஆபீஸ் லேப்டாப்புல அதுக்கு அனுமதி இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க.

3. கூட வர்ற மடக்கு மூடி வழுக்கும். திரையைக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கணும். எங்க வீட்டுல நெல் அளக்குற மரக்காலைக் கவுத்துப் போட்டு அது மேல வச்சிருக்கேன், கச்சிதம். அம்மா மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை "மரக்கால் எங்கப்பா?"ன்னு தேடுவாங்க.

உங்க ஊர்ல எத்தனை நாள் தாக்குப் பிடிக்கிறீங்க, எதை வச்சு முட்டுக் கொடுக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. கும்மியும் வரவேற்கப்படுகிறது :-)