பிறர் பொருளிற் பெறும் பட்டம்

பணியிலிருந்துகொண்டே கலாநிதிப் பட்டத்திற்குப் படிக்கலாம். செலவை நிறுவனமே ஏற்கும் என்று ஒருவர்க்கு வாய்ப்பு வருமாயின், அதனை ஏற்பதா, விடுப்பதா? மொனராகலையிலும் பதுளையிலும் கடமையாற்றும் நம் பழைய மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது.

நிறுவனம் தருவது நன்கொடையன்று, கடன். படித்து முடித்தபின் இத்தனை ஆண்டு சேவை செய்வேன் என்று எழுதிக்கொடுக்கும் பிணைப்பத்திரமே அக்கடனின் சீட்டு. பட்டத்தின் பெருமையொன்றையே கருதிக் கையொப்பமிடுவோர்க்கு அச்சீட்டு விலங்காகும். தொழிலிலே தாம் நாடோறும் காணும் குறையை ஆய்வுப் பொருளாகக் கொள்வோர்க்கு அது சுமையாகாது. மொனராகலைக் கரும்பும் இறப்பரும், பதுளைச் சரிவுகளின் மண்ணரிப்பும், தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் இடைவிலகலும் ஆராய்வாரை வேண்டி நிற்கின்றன. பதுளையிலே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற க. கைலாசபதி, பேராதனையில் விரிவுரையாளராயிருந்த காலத்திற் பர்மிங்காம் சென்று, 1966இல் கலாநிதியானார். அவர் கற்பித்ததும் ஆராய்ந்ததும் தமிழிலக்கியமே. மீண்டு வந்து கற்பித்தார். 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதற் றலைவருமானார்.

மாலைப் பொழுதுகளை மனைவி மக்களிடமிருந்து பல்லாண்டு கடன் வாங்கவேண்டியும் வரும். ஆதலின், “முடித்தபின் இது யார்க்குப் பயன்படும்?” என்னும் வினாவுக்கு விடை உடையார் தயங்காது ஏற்க, இல்லார், நன்றி கூறி மறுப்பதே நேர்மை.